பங்காளி இல்லாத ஊரில் பொங்கல்

எனக்குச் சின்னப் பிள்ளைகளிடம் பொறுமை கிடையாது. இதை என் வீட்டுக்காரர் சொன்னால் சண்டைக்குப் போவேன், ஆனால் உண்மை அதுதான். அப்படியிருந்தும், நடுக்கடல் தீவு ஒன்றில் இருந்த கேம்பல் பே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என் தலையில் விழுந்தன. குடியேறி வந்த குடும்பங்களில் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த பெண் அன்றைக்கு நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு நிலம் கொடுத்து அரசாங்கம் அந்தத் தீவில் குடிவைத்திருந்தது. பஞ்சாபிகள்தான் அதிகம். மராட்டிக்காரர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள் கொஞ்சம் கொஞ்சம். தமிழ்க் குடும்பங்கள் ஒரே வரிசை வீடுகளில் அடங்கிவிடும். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். மற்றவர்கள் ராமநாதபுரம், வட ஆற்காடு, திருநெல்வேலி என்று ஆளுக்கொரு திசை. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டோம். இங்கே உப்பில்லை என்றால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம்.

தை பிறக்கும் சமயத்தில் பஞ்சாபிகளுக்கு லோஹ்ரி, தெலுங்கர்களுக்குச் சங்கராந்தி, எங்களுக்குப் பொங்கல். எங்கள் தலைமையாசிரியர் வடக்கத்திக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையாவது யோசித்துக்கொண்டே இருப்பார். அந்த வருஷம் அவருக்கு வந்த யோசனை, குடியரசு தின விழாவில் ஒவ்வொரு மொழிப் பிள்ளைகளும் தங்கள் அறுவடைப் பண்டிகை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பது. தமிழ்ப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஏனென்றால் அந்த வருஷம்தான் எங்களுக்குச் சொந்த நெல் வந்திருந்தது. வந்து இறங்கிய வருஷம் காடு வெட்டுவதிலேயே போயிற்று. அடுத்த விதைப்பைப் பன்றியும் குரங்கும் பங்கு போட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு பிள்ளைகளை டின்னோடு வரப்பில் உட்காரவைத்துத் தட்டச் சொல்லி, எப்படியோ மார்கழியில் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அதுவரை கப்பலில் வந்த ரேஷன் புழுங்கலரிசியில்தான் பொங்கல் வைத்தோம். புழுங்கலரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். வெல்லம் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று இரண்டும் கோபித்துக்கொண்டு நிற்கும். இந்த வருஷம் என் வயல் நெல்லை நானே குத்திப் புடைத்து, பித்தளைப் பானையில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி வைத்திருந்தேன். தினமும் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்க்காமல் பள்ளிக்கூடம் போனதில்லை.

சாக்பீஸால் பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'அப்போது', மறு பக்கம் 'இப்போது'. அப்போது பொங்கல் எப்படி இருந்தது, வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். வண்டிகட்டிக் கரும்பு வந்தது, வெள்ளையடித்தது, கோலம் போட்டது என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் முதலில் எழுந்த பயல் சொன்னான்: "அப்போ டென்ட்டுக்குள்ள பொங்கல் வெச்சோம் டீச்சர். மழை பேஞ்சு அடுப்பு அணைஞ்சுபோச்சு."

இன்னொருத்தி எழுந்தாள். "அப்போ மாடே கெடையாது. ரோடு போட வந்த டோசருக்கு மாலை போட்டுப் பொட்டு வெச்சோம். சித்தப்பாதான் வெச்சாங்க. டிரைவர் அங்கிள் சல்யூட் அடிச்சாரு."

"அது அப்போது இல்லடி, நேத்திக்கு நடந்தது. அப்போதுன்னா ரொம்ப முன்னாடி. மெயின்லேண்ட்ல."

"மெயின்லேண்ட்ல நான் சின்னக் கொழந்தையாம் டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வயசுப் பிள்ளைக்கு மூன்று வருஷத்துக்கு முந்தியதுதான் ஆதிகாலம் என்பதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. கடைசியில் என் தஞ்சாவூரை நானே 'அப்போது' பக்கத்தில் எழுதிப்போட்டேன். டோசரை 'இப்போது' பக்கத்துக்குத் தள்ளினேன்.

டோசர் கதை சொன்ன அந்தப் பெண்ணுக்குத் தெற்குச் சீமை. ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் மகள். எதையும் கேட்டால் விட மாட்டாள். "பொங்கல் வெக்காம இருப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

இருப்பார்கள் என்றேன். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, அந்தச் சமயத்தில் பொங்கல் வந்தால் பானை வைக்க மாட்டார்கள். பங்காளி என்றால் யார் என்று விளக்கினேன். பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள். மாமா, அத்தை வழியில் வருகிறவர்களுக்கு இது கிடையாது. "நம்ம ஊருல யாருக்கும் பங்காளி கிடையாது. அதனால நமக்கு அந்தக் கவலை இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அவள் சொன்ன சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் கடைசி வீடு அவருக்கு. ராணுவத்தில் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். நாங்கள் வந்தபோது அங்கே கப்பல் வந்து அணைகிற மேடை கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் ஏறி வந்து அலையில் இறங்க வேண்டும். பெண்கள் எல்லாம் நடுங்கிக்கொண்டு நிற்கையில், அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். என் மகன் அவர் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தான். அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் சித்தப்பா. யார் அந்த முறையை வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

அவருக்குப் பிள்ளை இல்லை. கூட வந்த மனைவியும் முதல் வருஷ மார்கழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். பத்து நாள்கூட ஆகியிருக்காது, பொங்கல் வந்தது. நாங்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றோம். அவரே மண்வெட்டியோடு வந்து ஒவ்வொரு டென்ட் வாசலிலும் அடுப்பு வெட்டிக் கொடுத்தார். "எனக்குத்தானே தீட்டு, உங்களுக்கு என்ன? புள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்குதுங்க, வைங்கம்மா" என்றார். வைத்தோம். அவருக்கும் ஒரு தட்டில் கொடுத்தனுப்பினோம். அன்று கிளம்பிய புகையில் எனக்குக் கண் எரிந்ததா, அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷப் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் அவருக்கும் அதே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் காலையில், பள்ளிக்கூடத்தில் நான் எழுதிப்போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் சித்தப்பா வீட்டு முற்றத்தில் உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். வேலிக்கு ஓரமாக அவர் போட்ட மஞ்சள் செடிகள் நின்றன. இந்த வருஷம் எல்லாப் பானைக்கும் கட்ட நம்ம தோட்டத்து மஞ்சள்தான் என்று வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தார். பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் காதில் விழாதென்று நினைத்தார்கள்.

"யாரு கொள்ளி வெக்கிறது?" என்றார் வட ஆற்காட்டுக்காரர்.



"வெக்கிறவனுக்குத் தீட்டு. பொங்கலுக்கு அஞ்சாறு நாள்தான் இருக்கு. அவன் வீட்டுல பானை ஏறாது" என்றது இன்னொரு குரல்.

"ஆஸ்பத்திரி ஆளுங்க கிட்டச் சொன்னா அவங்களே பார்த்துப்பாங்க. அநாதைன்னா அவங்களுக்கு அதுக்குன்னு வழி இருக்கு."

"அநாதைன்னு எப்படிங்க சொல்றது?" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் அவரும் பேசவில்லை. சொந்த நெல்லில் முதல் பொங்கல். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பானை கட்டி வைத்திருந்தது. அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, ஏனென்றால் நானும் என் பித்தளைப் பானையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் இருந்தது. அவர் என்ன சாதி, நாங்கள் என்ன சாதி என்பது கப்பலிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோன விஷயம். பங்காளி என்று யாராவது முன்வந்தால் அந்தச் சொல் எதுவரைக்கும் போகும் என்பதும் தெரியும். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போது ராமநாதபுரத்துப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"டீச்சர், சித்தப்பான்னா பங்காளிதானே?"

நான் அவளைப் பார்த்தேன்.

"அப்ப எங்க வீட்டுல பொங்கல் இல்லியா? எனக்குப் பாவாடை தச்சு வெச்சிருக்கு. இல்லன்னு சொல்லுங்க டீச்சர். அவரு சும்மா கூப்புடுற சித்தப்பா, அப்படித்தானே?"

அவள் பொங்கலுக்காகத்தான் அழுதாள். சித்தப்பாவுக்காகவும் அழுதிருப்பாள், இரண்டையும் பிரிக்கத் தெரியாத வயசு. நான் ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் காதிலும் விழும், எல்லோருக்கும் நிம்மதி. சாஸ்திரப்படியும் அது தப்பில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மண்வெட்டியோடு டென்ட் டென்ட்டாக அடுப்பு வெட்டிக்கொண்டு போன முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது. வார்த்தை வரவில்லை.

பக்கத்தில் இருந்த திருநெல்வேலி அம்மா மெல்லக் கேட்டார். "வாய்க்கரிசிக்கு யாரு வீட்டுல பச்சரிசி இருக்கு? ரேஷன் அரிசியையா போடுறது? புழு நெளியுது."

எல்லோர் வீட்டிலும் பச்சரிசி இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். வீட்டுக்குப் போய்ப் பானையை எடுத்தேன். மஞ்சள் துணியின் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. கடவுள் மேலாக இருக்கலாம், காய்ச்சல் மேலாக இருக்கலாம், இத்தனை வருஷம் காத்திருந்த என் மேலேயே இருக்கலாம். வழியெல்லாம் அரிசி சிந்திவிடக் கூடாதே என்று பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

முற்றத்துக்கு வந்ததும் யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து, முதல் பிடி அரிசியை அவர் வாயில் நான்தான் போட்டேன். அந்த மண்ணில் எனக்கு விளைந்த முதல் அரிசி. வெள்ளை வெளேரென்று இருந்தது. உதட்டில் ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டை விரலால் உள்ளே தள்ளினேன். "உங்க மஞ்சளை யாரு பிடுங்குறது?" என்று கேட்டேன். செத்தவரிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் அதுதான் வாயில் வந்தது, வந்ததும் அடக்க முடியாமல் அழுதேன்.

எனக்குப் பின்னால் திருநெல்வேலி அம்மா பானைக்குள் கையை விட்டார். அப்புறம் ராமநாதபுரத்துப் பெண்ணின் அம்மா. அப்புறம் ஒவ்வொருவராக. வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுக்கொண்டிருந்தார். "நான் வெக்கிறேன் கொள்ளி" என்றார். வட ஆற்காட்டுக்காரர் தன் சட்டையையும் கழற்றினார். சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். விறகுக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. திரும்பி வந்து எல்லா ஆண்களும் ஓடையில் தலை முழுகினார்கள்.

எங்கள் வரிசையில் அந்த வருஷம் பொங்கல் இல்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. யார் வீட்டிலும் பானை ஏறவில்லை, அவ்வளவுதான். பொங்கலன்று காலையில் பிள்ளைகள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ராமநாதபுரத்துப் பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நல்லது செய்தோம் என்கிற பெருமை எல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைக்குப் பாவாடை பெட்டியிலேயே கிடக்கிறது.

சற்று நேரத்தில் பின்வரிசைப் பஞ்சாபி வீட்டு அம்மா பெரிய பாத்திரத்தோடு வந்தார். முந்தின நாள் லோஹ்ரிக்குப் போட்ட நெருப்பைக்கூட அவர்கள் பாட்டுப் பாடாமல் போட்டிருந்தார்கள். பாத்திரத்தில் புது அரிசியில் காய்ச்சிய பாயசம் இருந்தது. அவர்கள் பக்கத்தில் முதல் நாள் காய்ச்சி மறுநாள் சாப்பிடுவதுதான் வழக்கமாம். இந்த வருஷம் கூடுதலாக எங்களுக்கென்று காய்ச்சியிருந்தார். துக்க வீட்டுக்குக் கொடுக்க வந்தவர், கடைசி வீட்டில் பூட்டு தொங்குவதைப் பார்த்து வரிசையையே ஒரு தடவை பார்த்தார். பிறகு எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒவ்வொரு வாசலாக வந்து ஊற்றிக்கொண்டு போனார். ராமநாதபுரத்துப் பெண் அதைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வழித்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பலகையைப் பார்த்தேன். 'அப்போது' பக்கத்தில் என் தஞ்சாவூர் அப்படியே இருந்தது. வண்டி, கரும்பு, வெள்ளையடித்த சுவர். எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. பாதியை அழித்துவிட்டு டென்ட்டையும் மழையையும் டோசரையும் அங்கே எழுதினேன். பிள்ளைகள் சொன்னதுதான் சரி. இந்த ஊரில் அவர்களுக்கு அதுதான் அப்போது.

விழாவில் யாரைப் பேசவைப்பது என்று யோசித்தபோது அந்தப் பெண்தான் கையைத் தூக்கினாள். அதற்குள் கருமாதி முடிந்திருந்தது. பொங்கலுக்குப் போடாத பாவாடையைக் குடியரசு தினத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பஞ்சாபிப் பிள்ளைகள் குதித்துக் குதித்துச் சொன்னார்கள். தெலுங்குப் பையன் கங்கிரெத்து என்கிற பூம்பூம் மாட்டைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைத்தான். அடுத்து இவள்.

இந்தியில்தான் பேசினாள். தடுமாறவில்லை. முன்பு டென்ட்டுக்குள் ரேஷன் அரிசியில் பொங்கல் வைத்தோம், சித்தப்பா அடுப்பு வெட்டித் தந்தார், டோசருக்குப் பொட்டு வைத்தார் என்றாள். "அப் ஹமாரா அப்னா சாவல் ஆயா." இப்போது எங்களுக்குச் சொந்த அரிசி வந்தது. அந்த அரிசியைச் சித்தப்பாவுக்குப் போட்டோம். அதனால் இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை.

தலைமையாசிரியர் குனிந்து கனிவாகத்தான் கேட்டார். "பேட்டீ, சகா சாச்சா தா?" அப்பாவின் கூடப் பிறந்த, ரத்த உறவுச் சித்தப்பாவா என்பது அதற்கு அர்த்தம்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்று முற்றத்தில் கேட்டபோதும் நான் பதில் சொல்லவில்லை. எங்கள் ஆண்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வட ஆற்காட்டுக்காரர் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் மழித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது.

"ஹாங் சார்," என்றேன் நான். "சகா."